பெயரை மாற்றினால் போதாது

1

ஊர்த் திருவிழா மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரச் சொல்லி நம் பங்குக் கோயிலிலிருந்து கேட்டார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியவன். பாலைவனம், ஒட்டகம் என்றெல்லாம் எழுத வராது. மகளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது ஓமனுக்கு வந்தேன். இன்றுவரை ஒட்டகத்தில் ஏறியதில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு மீன் குளிர்கிடங்கும், அதற்குள் ஓடும் ஒரு கம்ப்யூட்டரும். அதைத்தான் எழுத முடியும். மகளின் கல்யாணமும் இடையில் வரும். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

கிடங்கில் ஐந்து அறை. நெய்மீன், சூரை, கணவாய். ஒவ்வொரு அறையின் குளிரையும் அந்தக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். குளிர் குறைந்தால் மணி அடிக்கும். தான் செய்வதையெல்லாம் வரி வரியாக ஒரு ஃபைலில் எழுதும். ஒன்றாம் அறையைக் கேட்டேன், பதில் வந்தது. இரண்டாம் அறையைக் கேட்டேன், பதில் வந்தது. இவ்வளவுதான் எழுதும். அந்த ஃபைலுக்கு லாக் என்று பெயர். யாரும் அதை வாசிப்பதில்லை. அது எழுதுவதையும் நிறுத்துவதில்லை.

எழுத எழுத ஃபைல் பெருக்கும். பெருத்தால் டிஸ்க் நிறையும். டிஸ்க் நிறைந்தால் புரோகிராம் நின்றுவிடும். புரோகிராம் நின்றால் மணி அடிக்காது. மணி அடிக்காவிட்டால் மீன் குழைந்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை பழைய ஃபைலை ஒதுக்கிவிட்டுப் புதியது கொடுக்க வேண்டும். ரொட்டேஷன் என்பார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த கொல்லத்துக்காரர் வேலையை விட்டுப் போகிற அன்று அவசர அவசரமாக எனக்குக் காட்டிக் கொடுத்தார். என் கட்டில் கம்ப்யூட்டர் அறைக்கு அடுத்த அறையில் கிடந்தது. வேறு தகுதி எனக்கு இல்லை.

2

நம் கரையில் வள்ளத்தை விலைக்கு வாங்கியவன் முதலில் பெயரைத்தான் மாற்றுவான். பழைய பெயரின் மேல் பெயின்ட் அடித்துவிட்டு, தன் வீட்டுப் புனிதரின் பெயரை எழுதுவான். கடற்கரையில் ஏலம் விளிக்கிறவர் அதைப் பார்க்கவே மாட்டார். பழைய பெயரைச் சொல்லித்தான் மீனைக் கூறுவார். வள்ளம் இற்றுப்போகிற வரைக்கும் பழைய பெயர்தான்.

நான் அந்தக் கரையில் வளர்ந்தவன். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை, காட்டித் தந்தபடி பழைய ஃபைலுக்குத் தேதி போட்டுப் பெயரை மாற்றினேன். பழைய பெயரில் புது ஃபைல் ஒன்றை வைத்தேன். வேலை முடிந்தது என்று கை கழுவினேன். மறுநாள் பார்த்தால் புது ஃபைல் வெறுமனே கிடக்கிறது. தேதி போட்டு ஓரத்தில் வைத்தது வீங்கிக்கொண்டிருக்கிறது.

கேட்க ஆளில்லை. மகள் ஜெனி அப்போது நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் போனில் விளித்தேன்.

“பேர மாத்துனா அதுக்குத் தெரியாதுப்பா.”

“அதெப்படி தெரியாம இருக்கும்? பேரு மாறிட்டுல்லா?”

“அது பேர பாக்காது. ஒருக்க தொறந்த ஃபைல கையில புடிச்சுட்டே இருக்கும். நீங்க என்ன பேரு போட்டாலும் அதுலதான் எழுதும்.”

“எதுவர?”

“நீங்க சொல்லுறது வர. பழச அடைச்சுட்டு புதுச தொறன்னு சொல்லணும்.”

“நான் இது கிட்ட எப்படி மக்களே சொல்ல?”

அவள் சிரித்தாள். பிறகு ஒரு வரி அனுப்பினாள். அதை அடித்தேன். புரோகிராம் பழையதை விட்டுவிட்டுப் புதிய ஃபைலில் எழுத ஆரம்பித்தது.

எனக்கு ஃபைல் மாறியது பெரிதாகத் தெரியவில்லை. அவள் சிரித்ததுதான் பெரிதாகத் தெரிந்தது. அதுவரை எங்கள் பேச்சு இப்படித்தான் இருக்கும். சாப்பிட்டியா? ம். படிக்கியா? ம். அம்மைட்ட குடு. அதற்குமேல் எனக்கும் கேட்கத் தெரியாது, அவளுக்கும் சொல்லத் தோன்றாது.

அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் நான் விளிப்பேன். ஃபைல் மாறிச்சா என்று கேட்பாள். மாறவில்லை என்றால் ஏன் என்று சொல்லுவாள். மாறியிருந்தாலும் கொஞ்ச நேரம் அதைப் பற்றியே பேசுவோம்.

“ஒத்த வெரலு வச்சா அடிக்கிய? கோழி கொத்துனது போல சத்தம் கேக்கு.”

“வேகமா அடிச்சா தப்பிப் போவும்.”

“நீங்க இருந்துட்டு அடிங்கப்பா. ஏன் நடந்துட்டே இருக்கிய?”

போனைக் காதில் வைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அறைக்கும் கதவுக்குமாக நடப்பேன். இங்கே வந்த நாளிலிருந்து அப்படித்தான். மதியம் படுத்தாலும் கிடங்கு மிஷினின் சத்தம் கொஞ்சம் மாறினால் எழுந்துவிடுவேன்.

ஒதுக்கிய ஃபைல்களையும் நான் அழிக்கவில்லை. பென்டிரைவில் ஏற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். யாரும் கேட்டதில்லை. உப்புக்காற்றில் நம் வீட்டில் எதுவும் இற்றுப்போகாமல் நின்றதில்லை. நிற்கிற பொருள் கைக்கு வந்தால் எனக்குத் தூரப் போட மனம் வராது.

3

இங்கே என்னை மரியதாசன் என்பார்கள். அது என் அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் பின்னால் வருகிற பெயரைத்தான் ஆபீசில் எடுத்துக்கொண்டார்கள். என் பெயர் சேவியர் என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். மலையாளிகள் என்னை மலையாளி என்று நினைக்கிறார்கள். மதுரைப் பக்கத்துத் தமிழர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் வாய் திறந்தால் பாட்டுப் பாடுவது போல இருக்கிறதாம்.

போன வருடம் மனைவி பிலோமி விளித்தாள். ஜெனி திருவனந்தபுரத்தில் வேலைக்குச் சேர்ந்து நாளாகியிருந்தது.

“இஞ்ச பாருங்க. ஒமக்க மவ ஆளு பாத்து வச்சிருக்கா.”

“ஆரு?”

“தக்கலப் பக்கத்துல உள்ள பையன். ஆன்றோன்னு பேரு. அவ கூட வேல பாக்கான். நம்ம சபைதான். நல்ல பையனாத்தான் தெரியுது.”

“அவ என்ன சொல்லுகா?”

“அவளா வந்து சொன்னா. அவ கிட்ட போயி என்ன சொல்லுகான்னு கேக்கிய.”

வெள்ளிக்கிழமைதோறும் பேசுகிறோம். ஃபைலைப் பற்றி எல்லாம் சொன்ன பிள்ளை இதைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லையே என்று பிறகு தோன்றியது.

லீவு கேட்டேன். மேனேஜர் திருச்சூர்க்காரர். கெட்ட மனிதர் இல்லை.

“குட்டியுடெ கல்யாணமல்லே, போய்க்கோ. பட்சே இது ஆரு நோக்கும்?” என்று கம்ப்யூட்டர் அறையைக் காட்டினார்.

இதை யார் பார்ப்பது என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என் அம்மை இறந்தபோது நான் ஊருக்கு வந்தேன். அந்த நேரத்தில் டிஸ்க் நிறைந்து புரோகிராம் நின்றது. மூன்றாம் அறையில் மிஷின் பழுதானது ஒருவருக்கும் தெரியவில்லை. நெய்மீன் எல்லாம் குழைந்துபோயிற்று. முப்பதாம் நாள் பூசைக்கு முன்பே என்னைத் திரும்ப விளித்துவிட்டார்கள். நான் வந்து நாறின மீனை வாரினேன். ஊரில் நான் இல்லாமல் பூசை நடந்தது.

கூட இருக்கிற ரஃபீக் பங்களாதேஷ்காரன். நல்லவன். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட மாட்டான். “போட்டோ எடுத்து அனுப்பும். தொடில்லா,” என்று கையைக் கட்டிக்கொண்டான்.

மேனேஜர் முடிவாகச் சொன்னார். ஆளில்லாமல் ஃபைல் தானாகவே மாறுவதைக் காட்டு, ஒரு மாதம் லீவு தருகிறேன். இல்லையென்றால் கல்யாணத்துக்கு முந்தின நாள் போய்விட்டு மறுநாள் வா.

மனுவை மஸ்கட் ஆபீசுக்கு அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் மகள் கல்யாணம் என்று எழுதியிருந்தேன். அது திரும்பி வந்தது. அங்கிருந்து ஒரு பெண் விளித்து இந்தியில் கேட்டாள். உங்கள் கணக்கில் ஒரு மகள்தான் இருக்கிறாள். அவளுக்கு எட்டு வயது என்று இருக்கிறது. எந்த மகளுக்குக் கல்யாணம்?

வேலைக்குச் சேரும்போது பிறந்த தேதி கேட்ட இடத்தில் நான் வயதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது அப்படியே நின்றுவிட்டது.

“அதே மகள்தான்,” என்றேன்.

அந்தப் பெண் ஜெனியின் ஆதார் நகலை அனுப்பச் சொன்னாள்.

4

ஃபைல் தானாக மாற ஏழெட்டு வரிகள் போதும் என்றாள் ஜெனி. தினமும் மாற வேண்டும். ஏழு பழைய ஃபைல் இருக்க வேண்டும். எட்டாவது வந்தால் ஆகப் பழையது போய்விடும்.

“எங்க போவும்?”

“போயிரும்பா.”

“போயிரும்னா?”

“இல்லாம போயிரும். அதுக்குத்தானே இது.”

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அவள் சொன்ன வரிகளை ஒற்றை விரலால் அடித்தேன். மூன்று நாள் நன்றாக ஓடியது. நான்காம் நாள் ஃபைலின் பெயர் மாறியிருந்தது. புரோகிராம் மட்டும் பழையதையே பிடித்துக்கொண்டு அதில் எழுதிக்கொண்டிருந்தது. அடைத்துவிட்டுத் திற என்று சொன்னது அதன் காதில் விழவில்லை. பழைய புரோகிராம், சில நாள் அப்படித்தான் செய்யும். நான் இருந்தால் இன்னொரு முறை சொல்லுவேன். நான் இல்லாத நாளில் யார் சொல்லுவது?

ஊரில் ஓலை வாசிக்கும் நாள் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் பெயர்களை அறிவிப்பார்கள். முதல் ஓலையைப் பிலோமி போனைத் தூக்கிப் பிடித்து எனக்குக் கேட்க வைத்தாள். சாமியார் வாசித்தார். சேவியர், பிலோமினாள் இவர்களின் மகள் ஜெனி. என் பெயரை அடுத்தவர் வாயிலிருந்து கேட்டு நாளாகியிருந்தது. அறைக்குள் நிற்க முடியவில்லை. வெளியே போய் ஐஸ் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் ஜெனியை விளித்தேன்.

“அது கேக்க மாட்டேங்கு மக்களே.”

“அப்பா, நான் பிளவுசு தைக்க குடுக்க வந்துருக்கேன். பொறவு பேசட்டா?”

“டிக்கெட்டு எடுக்கணும்.”

பக்கத்தில் யாரோ என்ன என்று கேட்கிற சத்தம். போன் கை மாறியது.

“மாமா, நான் ஆன்றோ.”

நான் நடந்துகொண்டிருந்த இடத்தில் நின்றேன். மாப்பிள்ளையிடம் முதல்முதலாக என்ன பேசுவது என்று நிறைய யோசித்து வைத்திருந்தேன்.

“ஃபைல் மாற மாட்டேங்கு,” என்றேன்.

“ஜெனி சொன்னா மாமா. ஃபைல மாத்தாண்டாம். அதுல உள்ளத நகல் எடுத்துட்டு, அதையே காலி பண்ணிரலாம். புரோகிராமுக்கு ஒண்ணும் சொல்லாண்டாம். அது பாட்டுக்கு எழுதிட்டே இருக்கும்.”

ஜெனியின் குரல் கேட்டது. “நகல் எடுத்துட்டு காலி பண்ணுததுக்குள்ள எழுதுன வரி போயிரும்லா?”

“போனா ரெண்டு வரி.”

“ரெண்டு வரின்னாலும் வரிதானே.”

“ஆருட்டி அத வாசிக்கா?”

“எங்கப்பா வாசிப்பாவ.”

அது உண்மை. சும்மா இருக்கும்போது நான் வாசிப்பேன். அவளிடம் அதைச் சொன்னதில்லை. எப்படித் தெரியும் என்று தெரியவில்லை.

தையல்கடை வாசலில் நின்று இரண்டு பேரும் எனக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தைப்பவர் அளவு சொல்லச் சொல்லிச் சத்தம் போடுவதும் கேட்டது.

“போவட்டு மக்களே,” என்றேன். “ரெண்டு வரி போனா போவட்டு. நான் வரணும்.”

ஆன்றோ சொன்னபடி மாற்றினோம். ஒரு வாரம் தப்பாமல் ஓடியது. மேனேஜர் தினமும் வந்து எட்டிப் பார்த்தார். பிறகு மனுவில் கையெழுத்துப் போட்டார்.

5

மூன்றாவது ஓலைக்கு நான் கோயிலில் இருந்தேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்தபோது பிலோமி சாக்லேட் பாக்கெட்டுகளை எடுத்து வெளியே வைத்தாள். கொடி பிடித்த பூனை பொம்மை ஒட்டின சாக்லேட் டப்பா ஒன்று இருந்தது. ஜெனிக்கு அது பிடிக்கும் என்று வருகிறபோதெல்லாம் வாங்குவேன். ஜெனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இத இன்னும் விக்கியானுவளா?” என்றாள். ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். மிச்சம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயிற்று.

ஒரே வீட்டில் இருந்தோம். பேச ஒன்றும் இல்லை. அவள் வருவாள், காப்பி வேணுமாப்பா என்பாள். வேண்டாம் என்பேன். போவாள். வீட்டு ஃப்ரிட்ஜின் மிஷின் நிற்கும்போதெல்லாம் நான் எழுந்து கதவில் கை வைத்துப் பார்ப்பேன். பிலோமி பார்த்துப் பார்த்து ஒருநாள் கேட்டாள்.

“அது மீன் குழம்பு இருக்கப்பட்ட ஃப்ரிட்ஜு. ஓமன் இல்ல. ஒரு எடத்துல இருக்க மாட்டீரா?”

பக்கத்து ஊர் இராஜாக்கமங்கலத்துக்கு நடந்து போய் வந்தேன். கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். மறுபடியும் நடந்தேன். தினமும் ரஃபீக் போட்டோ அனுப்புவான். ஏழு ஃபைல், வரிசையாக. எல்லாம் சரியாக இருக்கும். அதைப் பார்த்த பிறகும் மனது அங்கேதான் கிடந்தது.

கல்யாணத்துக்கு முந்தின காலையில் ஆன்றோவோடு பூ வாங்கத் தோவாளைக்குப் போனேன். சந்தையில் நிற்க இடமில்லை. மாலைக்கு அரளியா ரோஜாவா என்று அவன் கேட்டான். உனக்குப் பிடித்ததை எடு என்றேன். திரும்பி வரும்போது அவன் கேட்டான்.

“அந்த ரெண்டு வரி போனது ஒங்களுக்கு வெசனமா மாமா?”

“எத்தனையோ போச்சு,” என்றேன். “அது கணக்கில்ல.”

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல பையன்தான்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாடகர் குழு தொடங்கக் காத்திருந்தோம். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். மேனேஜர். உள்ளே வைத்தேன். மறுபடியும் அதிர்ந்தது. மறுபடியும் அவர்தான். மூன்றாம் அறை நெய்மீன் என் கண்ணில் வந்தது. கை மறுபடியும் பைக்குப் போனது. ஜெனிக்கு அது தெரிந்துவிட்டது.

“லாக்காப்பா?” என்று மெல்லக் கேட்டாள்.

“மேனேஜர்.”

“லாக் மாறிட்டு. காலத்தயே எந்திச்சு பாத்தேன்.”

“நீ எப்படி பாத்தே?”

“ரஃபீக் அண்ணன் எனக்கும் போட்டோ அனுப்புவாவ. நான்தான் கேட்டு வச்சேன்.”

“இண்ணைக்குமா பாத்தே?”

“நீங்க நிம்மதியா நடக்கணும்லா. வாங்க.”

பாட்டுத் தொடங்கியது. பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நாங்கள் நடந்தோம்.

பூசை முடிந்து வெளியே வந்து மேனேஜரை விளித்தேன். டீசல் அறையின் சாவி எங்கே என்று கேட்டார். என் கட்டிலுக்குப் பின்னால் ஆணியில் கிடக்கிறது என்றேன். ஓ, குட்டியுடெ கல்யாணம் இந்நாயிருந்நோ என்று, நாளை மறந்ததற்கு வருத்தப்பட்டுப் போனை வைத்துவிட்டார்.

6

திரும்பி வந்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் நின்றேன். செய்ய ஒன்றும் இல்லை. ஃபைல் மாறியிருந்தது. ஏழு இருந்தன. ஆகப் பழையது போயிருந்தது. போனைக் கையில் எடுத்தேன். என்ன சொல்லி விளிப்பது? எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல ஒரு போனா? அவள் புதிதாகக் குடும்பம் நடத்துகிறவள். வைத்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே போயிற்று. பிஸ்கட் டப்பாவில் நான் எதையும் சேர்க்கவில்லை.

பிறகு மஸ்கட்டிலிருந்து அந்தப் பெண் விளித்தாள். ஜெனியின் வயதைத் திருத்துவதற்காக ஆதாரைத் திறந்தாளாம். மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதா என்று கேட்டாள். முடிந்தது என்றேன். அப்படியானால் வயதைத் திருத்த வேண்டியதில்லை, கல்யாணமான பிள்ளையின் பெயரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம், அதுதான் விதி என்றாள். வாழ்த்தும் சொன்னாள்.

சரி என்றேன். எட்டு வயதில் நின்ற பிள்ளை எட்டு வயதிலேயே போய்விட்டாள்.

அன்று முழுக்க ஐந்து அறைக்குள்ளும் போய்ப் போய் வந்தேன். வேலை ஒன்றும் இல்லை. ரஃபீக் என்ன தொலைந்தது என்று கேட்டான். மறுநாள் வெள்ளிக்கிழமை. சாப்பிடவில்லை. விளித்தேன்.

“என்னப்பா, டிஸ்க் நெறஞ்சுட்டா?”

“இல்ல.”

“ஃபைல் மாறலியா?”

“அது மாறுது. அதுக்கு இப்ப நான் வேண்டாம்.”

“பின்ன எதுக்கு விளிச்சிய?”

நான் கதவுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சாப்பிட்டியா என்று கேட்க வாய் எடுத்தேன். அது அந்தச் சின்னப் பிள்ளையிடம் கேட்டுக் கேட்டுப் பழகின கேள்வி. அதை விட்டேன்.

“என்ன கறி வச்சே?” என்று கேட்டேன்.

எண்ணெயில் என்னவோ பொரிகிற சத்தம் கேட்டது.

“சாள,” என்றாள். “ஆன்றோவுக்க அம்மை சொன்னது போல வச்சேன். நம்ம வீட்டு ருசி வரல்ல.”

“புளி எப்ப ஊத்துனே?”

“தேங்கா அரச்சு ஊத்துன பொறவு.”

“அதான். ஒங்கம்மை முந்தியே ஊத்துவா.”

“ஒங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

“நான் இங்க சமைக்காம ஆரு சமைக்கா?”

“நீங்க சமைப்பியளா?” என்றாள். எனக்கு அதை அவளிடம் சொல்ல இதுவரை தோன்றியதில்லை. “என்னெல்லாம் வைப்பிய?”

“நெறைய உண்டு. சொன்னா நேரமாவும்.”

“இருங்கப்பா,” என்றாள். “அடுப்ப அணைச்சுட்டு வாறேன்.”

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.